அய்யனார் கோயில் டெய்ம்லர்

மருதங்கொல்லை அய்யனார் கோயிலில் ஒரு மண்குதிரையின் காலையும் கழுத்தையும் ஒரே நேரத்தில் உடைத்தவன் என்ற பெயர் ரகுநாத்துக்கு ஒரு புதன்கிழமை காலையில் கிடைத்தது. அதற்காக அவன் ஆயுதம் எதுவும் கொண்டுபோகவில்லை. எப்போதும் கூடவே வருகிற பின்புறம் போதுமானதாக இருந்தது.

கோயிலுக்கு வடபக்கம் வேப்பமரங்களுக்குக் கீழே மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். நேர்ந்துகொண்டவர்கள் வைத்த குதிரைகள். அந்த வரிசைக்கு நடுவே, குதிரைகளோடு குதிரையாக, ஒரு கார் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த டெய்ம்லர். சக்கரம் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. பானெட்டில் மஞ்சளும் குங்குமமும், ஒற்றை ஹெட்லைட்டில் காய்ந்த அரளி மாலை. அதன் பின்கதவு திறக்குமா என்று பார்ப்பதற்காக ரகுநாத் கைப்பிடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இன்னொரு இழுப்பு. எத்தனையோ வருஷமாக யாருக்கும் திறக்காத கதவு, அவன் மேல் என்ன பிரியமோ, படக்கென்று திறந்துகொண்டது. அவன் பின்னால் போனான். பின்னால் குதிரை நின்றது.

சத்தம் கேட்டுப் பூசாரி செந்தமிழன் ஓடிவந்தார். "ஐயையோ, அடி பலமாங்க?" என்று கேட்டார். கேட்டது குதிரையை.

ரகுநாத் யாரென்று சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் விளம்பரக் குடையுமாக உட்கார்ந்திருப்பானே, அந்த ஏஜெண்ட். லைசென்ஸ், பெயர் மாற்றம், எஃப்.சி. எல்லாம் முடித்துக் கொடுப்பான். ஊரில் பாதிப்பேர் வண்டி ஓட்டுவது அவன் புண்ணியத்தில். அவனுக்கு மட்டும் கார் ஓட்ட வராது. டெஸ்டுக்குப் போனபோதெல்லாம் ஃபெயில். கடைசித் தடவை இன்ஸ்பெக்டரின் டீயைத் தட்டிவிட்டு, கொடிக்கம்பத்தில் போய் நின்றான். "ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுக்குற மனுசன் என்னைய டவுன் பஸ்ஸுலதான் கூட்டிட்டுப் போறாரு" என்று அவன் மனைவி புவனேஸ்வரி சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

இப்படிப்பட்டவனை நம்பித்தான் கோயம்புத்தூரிலிருந்து பிரவீன்குமார் என்பவர் ஒரு வேலை கொடுத்திருந்தார். பழைய கார்களைச் சேர்க்கிற பணக்காரர். கோயில் திருவிழாவில் யாரோ எடுத்த போட்டோவில், குதிரைகளுக்கு நடுவே இந்தக் கார் மூக்கை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. "காரு வேணும்ங்க. ஆனா அதைவிட முக்கியம் ஹிஸ்டரி. மொத ஓனர்லேருந்து இன்னைக்கு வரைக்கும் யார் யார்கிட்ட இருந்துச்சு, கை மாறுன கதை பூராவும் வேணும். நடுவுல ஒரு ஆளு விட்டுப்போச்சுன்னாலும் எங்க வட்டாரத்துல மதிக்க மாட்டாங்க" என்றார்.

குதிரை உடைந்த அன்று மதியமே கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நடுநாயகமாக, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் கண்ணன். வெள்ளை வேட்டி, இரண்டு செல்போன்.

"யாரு வீட்டுக் குதிரை?" என்றார்.

"நம்ம கருப்பன் வீட்டுதுங்க" என்றார் செந்தமிழன்.

கருப்பன் குனிந்து, தனியாகக் கிடந்த குதிரைத் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "துபாயில சாரம் சரிஞ்சு விழுந்து, ஒரு கீறல் இல்லாம எந்திரிச்சேன் சார். அதுக்கு வச்ச குதிரை இது. நான் விழுந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகல. நீங்க விழுந்தீங்க, என் குதிரைக்கு ஆகிப்போச்சு."

"நான் லிஃப்ட்ல கூட ஏற மாட்டேங்க" என்றான் ரகுநாத். அதில் என்ன ஆறுதல் இருக்கிறதென்று அவனுக்கே தெரியவில்லை.

குதிரைக்குக் குதிரை என்று தீர்ப்பானது. அடுத்த புரவியெடுப்புத் திருவிழாவுக்குப் புதுக் குதிரை வர வேண்டும். செலவு ரகுநாத்துடையது. செய்யப்போவது செந்தமிழன், அவர்தான் பூசாரி, அவர்தான் குதிரை செய்கிற வேளார். ஆகவே அங்கிருந்தவர்களில் அவர் முகத்தில் மட்டும் அவ்வளவாகத் துக்கம் இல்லை. ஆனால் குதிரைக்குப் பிடிமண் கொடுக்க வேண்டும். கண்மாயிலிருந்து ஒரு கை மண் எடுத்து வேளார் கையில் கொடுத்தால்தான் அவர் வேலையில் கை வைப்பார்.

"அதையும் நானே அள்ளிக் குடுத்துடறேனே. உடைச்சது நான்தானே" என்றான் ரகுநாத், பெரிய மனசு பண்ணி.

எல்லாரும் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"அது எப்படி சார்?" என்றார் கண்ணன். "மண்ணு கருப்பன் கையாலதான் போகணும். குதிரை சாமியோடதா இருக்கலாம். குடுத்தது கருப்பன் வீடுல்ல? நீங்க அள்ளிக் குடுத்தா அது உங்க வீட்டுக் குதிரையாப் போயிரும். ஒரு வீட்டு நேர்த்திய இன்னொரு கை குடுக்க முடியாது."

ரகுநாத் தலையாட்டினான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் புது ரூல் வந்தாலும் இப்படித்தான் ஆட்டுவான். புரிவதெல்லாம் பின்னால்தான்.

ஊரே கூடியிருக்கும்போது வந்த வேலையையும் முடித்துவிடலாமென்று தொண்டையைச் செருமினான். "இந்தக் காரு யாரோடதுங்க?"

"சாமியோடது" என்றார்கள்.

"சாமிக்கு முன்னாடி?"

"சாமிக்கு முன்னாடி யாரு சார் இருக்கா?" என்றார் கருப்பன். சிரிப்பு எழுந்தது.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆண்டியப்பன் பேருல இருக்குங்க."

"டாக்ஸி ஆண்டியப்பன். அவரு போயி ரொம்ப வருஷமாச்சு."

"வாரிசு?"

"வாரிசு இல்லைங்க" என்றார் கண்ணன். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். டீக்கடை அழகி கம்பித் தூக்கில் கொண்டுவந்த டீயை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரகுநாத்தும் ஒன்று வாங்கிக் குடித்தான். நல்ல டீ.

கண்ணனுக்கும் இதில் ஒரு ஆசை இருந்தது. கோயில் மண்டபம் தூணோடு நிற்கிறது. காரைக் கொடுத்தால் கூரை போட்டுத் தருவதாகப் பிரவீன்குமார் சொல்லியிருந்தார். "ஊருக்குச் சம்மதம்தான். சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வச்சுப் பாப்போம். வெள்ளைப் பூ வந்தா எடுத்துட்டுப் போங்க. வாரிசு இல்லைன்னு ஊர் சார்பா எழுதி நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார்.

ரகுநாத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெயர் மாற்றத்தில் இவ்வளவு சுலபமான கேஸ் அவன் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் அழகியின் டீக்கடையிலேயே குடியிருந்தான். அரிமளம் ரோடு ஊருக்குள் திரும்புகிற முக்கில் இருக்கிறது கடை. வருகிறவர் போகிறவரையெல்லாம் மடக்கிக் காரின் கதையைக் கேட்டான். அழகிக்கு அறுபது வயது இருக்கலாம். கணவன் தவறியதும் பிறந்த ஊருக்கே வந்து கடை போட்டவள் என்று யாரோ சொன்னார்கள். அவளிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது.

"அக்கா, பால் வந்துருச்சா?"

"மாட்டைத்தான் கேக்கணும்."

"சர்க்கரை போட்டீங்களா?"

"குடிச்சுப் பாத்தா தெரியுது."

"வடை எப்பப் போட்டது?"

"ஏன், ஜாதகம் எழுதப் போறீங்களா தம்பி?"

இதற்கு மேல் ரகுநாத் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மற்ற எல்லாரையும் கேட்டான். அவள் கடையில் உட்கார்ந்து, அவள் டீயைக் குடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி.

கதை நன்றாகத்தான் சேர்ந்தது. அந்தக் காலத்தில் இந்த மாதிரிக் காரை வாங்கினால் கம்பெனிக்காரன் இஞ்சினும் சக்கரமும் வைத்த எலும்புக்கூட்டை மட்டும்தான் கப்பலில் அனுப்புவான். மேல்கூடு நம் இஷ்டத்துக்கு இங்கே கட்டிக்கொள்ள வேண்டும். இப்போது கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்களே, அது போல. முதலில் வாங்கியவர் பர்மாவில் தேக்கு வியாபாரம் செய்த ஒரு செட்டியார். பணத்துக்கும் பெருமைக்கும் குறைவில்லை, இடுப்புதான் சரியில்லை. பத்து மைல் உட்கார்ந்து போனால் பிடித்துக்கொள்ளும். ஆகவே படுத்துக்கொண்டே பட்டணம் போகிற மாதிரி பாடி கட்டச் சொன்னார். பின்சீட்டைக் கீழே இருந்து இழுத்தால் கட்டில் மாதிரி நீளும். ஏறி இறங்கத் தோதாக, ஒரு பக்கத்து இரண்டு கதவும் பீரோக் கதவு மாதிரி எதிரெதிராகத் திறக்கும். நடுவில் தூண் கிடையாது. உள்ளே சுற்றிலும் அவருடைய தேக்கு. மெட்ராஸில் அந்தக் கூண்டைக் கட்டியவர்கள், இது காரா பல்லக்கா என்று கேட்டார்களாம். இரண்டும்தான் என்றாராம்.

யுத்தத்தில் பர்மா போனது. கார் இலுப்பூர் ரைஸ்மில் முதலாளி ஒருவரிடம் வந்தது. அவர் ஒரு தேர்தலுக்குக் கொடி கட்டி ஓட்டினார். தோற்றார். அதிலிருந்து அந்தக் காரைக் கண்டாலே அவருக்கு ஆகாமல் போய், கட்டில் சீட்டில் தவிட்டு மூட்டை ஏற்றினார். அதை ஓட்டிய டிரைவர்தான் ஆண்டியப்பன். தவிடு ஏற்றுவதைப் பார்த்துப் பொறுக்காமல், இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்று, காரைத் தானே வாங்கிக்கொண்டு மருதங்கொல்லைக்கு வந்துவிட்டார்.

டாக்ஸி என்று பெயர். ஆனால் ஊரில் யார் கல்யாணத்துக்குக் கார் வைத்துப் போனார்கள்? பிரசவ வலி கண்டவர்களைத்தான் ஏற்றினார்கள். சீட்டை இழுத்துவிட்டால் பெஞ்சு. கதவைத் திறந்தால் கட்டிலோடு தூக்கி வைக்கலாம். புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் மேடு பள்ளத்தில் குலுங்காமல் போகும். ஒரு செட்டியாரின் இடுப்புக்காகக் கட்டின பாடி, சுற்றுப்பட்டியில் எத்தனையோ பெண்களின் இடுப்புக்கு ஆனது. டெய்ம்லர் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. புள்ளத்தாச்சி காரு என்றார்கள். பாதி வழியிலேயே அதற்குள் பிறந்த பிள்ளைகளும் உண்டு. பொன்னுத்தாய் என்ற அம்மாவின் மகன் அப்படிப் பிறந்தவன்தான். அவனுக்குக் கார்மேகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆண்டியப்பன் நெஞ்சுவலியில் இறந்தார். இத்தனை உயிரைச் சுமந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட ஊருக்கு மனசு வரவில்லை. அய்யனாருக்குக் குதிரையாக வைத்துவிடலாமென்று பேசி, மாடு கட்டி இழுத்து, மேளத்தோடு கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இதைப் போனில் கேட்ட பிரவீன்குமார் எழுந்து நின்றுவிட்டதாக அவரே சொன்னார். "ரகுநாத், எனக்குப் புல்லரிக்குதுங்க. செட்டியார், மில் முதலாளி, டிரைவர், நாலாவது ஓனர் அய்யனார்! எவன்கிட்டயும் இந்த மாதிரி ஹிஸ்டரி கிடையாது."

"என்கிட்டயே கிடையாதுங்க" என்றான் ரகுநாத்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதிச் சேத்துருங்க. ஆண்டியப்பன் எறந்தப்புறம்தான் சாமிக்குப் போச்சுன்னீங்க. அப்ப மூணாவது ஓனர்கிட்டேருந்து நாலாவது ஓனருக்குக் குடுத்தது யாருங்க?"

ரகுநாத் போனை வைத்தான். ஆர்.டி.ஓ. வாசல் குடைக்குக் கீழே, லைசென்ஸுக்கு வந்த ஒருவன் கண் பரிசோதனைச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றான். ரகுநாத்துக்குச் சீட்டு தெரியவில்லை. கருப்பன் தெரிந்தார், கையில் குதிரைத் தலையோடு. ஒரு வீட்டு நேர்த்திய இன்னொரு கை குடுக்க முடியாது. சொன்னது அவர்கள்தானே?

அன்று மாலையே அரிமளம் பஸ்ஸைப் பிடித்தான். பூ வைப்பதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தால் வேலை முடிந்துவிடும். அந்த நாக்கு இதுவரை அவனுக்கு ஒரு நல்லதும் செய்ததில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

டீக்கடையில் கருப்பன், செந்தமிழன், பெஞ்சின் ஓரத்தில் பொன்னுத்தாய். அழகி பாய்லருக்குப் பின்னால் நின்றாள்.

"ஒரு சந்தேகம்ங்க" என்றான் ரகுநாத். "அந்தக் காரை யாரு கையால சாமிக்கு வச்சது?"

"ஊரு வச்சது சார்" என்றார் கருப்பன்.

"ஊரு சரி. உங்க குதிரைக்கு உங்க கைதான் வேணும்னீங்க. ஆண்டியப்பன் காருக்கு அவரு வீட்டுக் கை வேண்டாமா?"

கருப்பன் வாயைத் திறந்து, டீயை வைத்து அடைத்துக்கொண்டார். செந்தமிழன், "அப்ப எங்கப்பா பூசாரி, நான் சின்னப்புள்ளை" என்று ஒதுங்கினார்.

"அவருக்குத்தான் வாரிசு இல்லையே" என்று கருப்பன் மறுபடி ஆரம்பித்தார்.

"ஏன் இல்ல?" என்றார் பொன்னுத்தாய். "ஆம்பளப் புள்ள இல்லைன்னு சொல்லு. வாரிசு இல்லைங்காதே. இந்தா நிக்கிறா பாரு, ஒனக்கு டீ ஆத்திக் குடுத்தவ. இவ யாரு மக?"

ரகுநாத் மெதுவாகத் திரும்பினான். ஒரு வாரமாக முதுகைக் காட்டியிருந்த பக்கம்.

"வண்டிய இழுத்துட்டுப் போனப்ப இவ பாவாடை சட்டைப் புள்ள" என்றார் பொன்னுத்தாய். "ஆத்தாக்காரி தாலியறுத்து மூலையில உக்காந்திருந்தா. அவ வெளியில வரக்கூடாது, இவகிட்ட எவனும் கேக்கல. மேளத்தை அடிச்சானுங்க, இழுத்துட்டுப் போனானுங்க. நானும்தான் குலவை போட்டேன்."

"டீ ஆறுது, குடிங்க" என்றாள் அழகி. எல்லாருக்கும் பொதுவாக.

குடித்தார்கள். கருப்பனும் செந்தமிழனும் வேறெதையோ பேசிக்கொண்டு போய்விட்டார்கள். பொன்னுத்தாய் போகும்போது அழகியின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். ரகுநாத் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நான் ஒரு மடையன்" என்றான்.

"அதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரணுமா? போன்லயே சொல்லியிருக்கலாம்ல."

"உங்க காரு கதையை உங்க கடையிலேயே உக்காந்து ஊரெல்லாம் கேட்டுருக்கேன். நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"கேட்டீங்களா?"

அவன் கிளாஸைப் பார்த்தான். அடியில் கொஞ்சம் சர்க்கரை கரையாமல் கிடந்தது.

அழகி பாய்லர் கரியைக் கிளறிவிட்டாள். "வாரிசு இல்ல, வாரிசு இல்லங்கிறாங்கள்ல. இருந்துச்சு தம்பி, ஒரு நா. எங்காத்தாளுக்கு ரெண்டாவது. வலி எடுத்துருச்சு. வாசல்ல பாத்தா வண்டியில்ல. அப்பா பொன்னுத்தாயக்காளை ஏத்திக்கிட்டுப் போயிருந்தாரு. கார்மேகம் பொறந்தானே, அன்னைக்கு. அவரு திரும்பி வாரதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஆத்தா பொழச்சுருச்சு. தம்பி பொழைக்கல."

ரகுநாத் கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"இதுல யாரு மேல கோவிக்கிறது? அக்கா மேலயா? பொறந்த பய மேலயா? அப்பா அன்னைக்கு வண்டிக்குள்ள உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டாரு. மறுநா வேற ஒருத்தி வந்து கூப்பிட்டா. போயிட்டாரு. எங்காத்தா அந்தக் காரு பக்கம் அப்புறம் திரும்பிக்கூடப் பாக்கல." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஊருக்கு அது சாமி. எனக்கு அது என்னன்னு எனக்கே சொல்லத் தெரியல. கோயிலுக்குப் போனா, குதிரைக்கெல்லாம் கும்புடு போடுவேன். அது முன்னாடி வந்தா மட்டும் கை எந்திரிக்காது."

"அது உங்களுக்கு வேணுமா அக்கா? வேண்டாமா?"

"அந்தக் கோயம்புத்தூர்க்காரரு அதை என்ன செய்வாரு?"

"பளபளன்னு பண்ணி, ஒரு பெரிய ஹால்ல நிறுத்தி, சுத்திக் கயிறு கட்டி, தொடாதீங்கன்னு போர்டு வைப்பாரு."

"இங்க மட்டும் என்னவாம்?" என்றாள். "ஓடுமா?"

"ஓட வைப்பாரு. வருஷத்துக்கொரு தடவை பழைய காரெல்லாம் சேந்து ஊர்வலம் போகும். தலப்பா கட்டிக்கிட்டு ஓட்டுவாங்க."

அழகி சிரித்தாள். அவன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "கடைசி பஸ் போயிரும், கெளம்புங்க" என்றாள்.

வழியெல்லாம் ரகுநாத் யோசித்தான். வெள்ளிக்கிழமை வெள்ளைப் பூ வந்தால், முன்னாள் தலைவர் கையெழுத்தோடு கார் லாரியில் ஏறிவிடும். மண்டபத்துக்குக் கூரை, அவனுக்குப் பேர். சிவப்புப் பூ வந்தால் கார் அங்கேயே மட்கும். எந்தப் பூ வந்தாலும் ஒருத்தியைக் கேட்காமல் நடக்கும், இரண்டாவது தடவையாக. இந்தத் தடவை இழுத்துக்கொண்டு போகிறவன் அவனாக இருப்பான். மேளம் அடிக்காத குறைதான்.

வீட்டில் புவனேஸ்வரியிடம் சொன்னான். "அந்தம்மாவைக் கேளுங்க" என்றாள் அவள்.

"கேட்டேன். பதில் சொல்லல."

"கடையில தனியா கேட்டா எதுக்குச் சொல்றாங்க? கேக்காம விட்டது எங்க, கடையிலயா?"

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் நல்ல கூட்டம். அய்யனார் காலடியில் இலையில் மடித்த இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. கண்ணன் எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. செந்தமிழன் கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"சார், வாங்க. உங்க முன்னாடியே பிரிச்சுருவோம்" என்றார் கண்ணன்.

கூட்டத்தின் பின்னால் தூக்கோடு அழகி நின்றாள். விசேஷமென்றால் டீ அவள் கடையிலிருந்துதான்.

"ஒரு நிமிஷங்க" என்றான் ரகுநாத்.

குரல் கீச்சென்று வந்தது. கொடிக்கம்பத்தை நோக்கிக் கார் போனபோதும் அவன் குரல் இப்படித்தான் வந்தது. "சாமிகிட்டக் கேக்குறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்டக் கேக்கணும். கருப்பண்ணன் குதிரைக்கு அவரு கைதான் வேணும்னு நீங்கதான் சொன்னீங்க. இந்தக் காருக்கு எந்தக் கையும் குடுக்கல. குடுக்காத பொருளை எடுத்துக்கலாமான்னு அய்யனார்கிட்ட எப்படிக் கேக்குறது? அவருக்கே தர்மசங்கடமா இருக்கும்."

"சார், வேலையக் கெடுத்துக்காதீங்க" என்றார் கண்ணன் தணிந்த குரலில். "வெள்ளையா இருந்தா உங்களுக்குத்தான் நல்லது."

"தெரியும்ங்க. எனக்கு நல்லதெல்லாம் ஒத்துக்கிறதில்ல."

கருப்பன் கண்ணனைப் பார்த்தார், செந்தமிழனின் கையைப் பார்த்தார். பிறகு, "சார் சொல்றதுல ஞாயம் இருக்கு தலைவரே" என்றார். அதற்கு மேல் செந்தமிழன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூடிய கையோடு நின்றார்.

கூட்டம் தானாக விலகியது. ஒரு கோடியில் அழகி, மறுகோடியில் ரகுநாத். அவன் நடந்து அவளிடம் போனான். வழியில் எந்தக் குதிரை மேலும் விழாமல் போனதே அன்றைக்கு அவனுக்குப் பெரிய காரியம்.

"அக்கா, எல்லாரும் கேக்குற மாதிரி கேக்குறேன். இந்தக் காரு யாரோடது?"

அழகி தூக்கைக் கீழே வைத்தாள். காரைப் பார்த்தாள். அன்று அவன் திறந்த கதவு இன்னும் அப்படியே விரிந்து கிடந்தது. உள்ளே தேக்குப் பலகையில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

"எங்கப்பாவோடது" என்றாள். "அவருக்கப்புறம் என்னோடது."

யாரோ இருமினார்கள். பொன்னுத்தாய் அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

"ஊருக்கு வேணும்னா என்னைக் கேட்டுருக்கணும். சாமிக்கு வேணும்னாலும் என்னைத்தான் கேட்டுருக்கணும்" என்றாள் அழகி. குரல் ஏறவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

கண்ணன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார்.

ரகுநாத் மனசுக்குள் கணக்குப் போட்டான். முடியாது என்றுதான் சொல்லப்போகிறாள், பரவாயில்லை, பிரவீன்குமாரிடம் எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

"அப்ப நான் கேக்குறேன். விக்கிறீங்களா, இல்லையா?"

"விக்கிறேன்" என்றாள் அழகி.